யார் தரும் கமிஷன்

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் பெரிய ஷோரூம் எதிலாவது டிவி தளத்துக்குப் போய்ப் பாருங்கள். மூன்று நான்கு நிறச் சட்டைகள் கண்ணில் படும். சிலர் கடையின் சீருடையில் இருப்பார்கள். மற்றவர்கள் சாம்சங், எல்ஜி, சோனி என்று ஏதோ ஒரு பெயர் பொறித்த டி-ஷர்ட்டில் நிற்பார்கள். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டுத் தவணைக்கடன் நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்திருப்பார். நமக்கு எல்லாருமே கடைக்காரர்கள்தான். "வாங்க சார், 55 இன்ச் பாக்குறீங்களா?" என்று கேட்பவர் யார் கொடுக்கும் பணத்தில் நிற்கிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

கம்பெனி டி-ஷர்ட் போட்டவரை இந்தத் தொழிலில் புரமோட்டர் என்பார்கள். அவர் கடையின் ஊழியர் அல்ல. பல சமயம் அந்தக் கம்பெனியின் நேரடி ஊழியரும் அல்ல. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் சம்பளப் பட்டியலில் இருப்பவர். காலையில் கடைக்கு வந்ததை ஏஜென்சியின் செயலியில் பதிய வேண்டும். விற்ற பொருளின் சீரியல் எண்ணைக் கம்பெனியின் செயலியில் ஏற்ற வேண்டும். ஆனால் எந்த இடத்தில் நிற்பது, எப்போது சாப்பிடப் போவது என்பதையெல்லாம் சொல்பவர் கடையின் ஃப்ளோர் மேனேஜர். கூட்டம் அதிகமான நாளில் பக்கத்துக் கம்பெனியின் வாஷிங் மெஷினையும் இவரே விற்றுக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு இவருக்கு ஒரு பைசா வராது.

ஒரே ஒரு டிவி விற்பனையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் பணம் எத்தனை வழியில் ஓடுகிறது என்பது புரியும். புரமோட்டருக்குக் கம்பெனி மாடலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்திருக்கும். எல்லா மாடலுக்கும் ஒரே தொகை இராது. போன வருட மாடல் கிடங்கில் தேங்கியிருந்தால் அதற்குக் கூடுதல் வைப்பார்கள். அமெரிக்கக் கடைகளில் இதற்கு ஸ்பிஃப் என்று பெயர். நம் ஊரில் ஸ்கீம் என்பார்கள். கடையின் விற்பனையாளருக்குக் கடை தரும் இன்சென்டிவ் தனிக் கணக்கு. இரண்டு வருட வாரண்டியை நான்கு வருடமாக நீட்டிக்கும் திட்டத்தை வாடிக்கையாளர் வாங்கினால் அதில் ஒரு தொகை. சுவரில் மாட்டும் ஸ்டாண்டு, சவுண்ட்பார், ஸ்டெபிலைசர் என்று கூட விற்கும் சாமான்களில் ஒரு தொகை. தவணையில் எடுத்தால் கடன் நிறுவனத்தின் ஆளுக்கும் அவருடைய டார்கெட்டில் ஒன்று ஏறும். ஆக, "இதை எடுத்துக்கங்க சார், நல்லா ஓடும்" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நான்கு முதலாளிகள் இருக்கக்கூடும்.

கமிஷன் என்றால் விற்ற விலையில் ஒரு சதவீதம் என்றே பொதுவாக நினைக்கிறோம். பழைய முறை அதுதான். ஆனால் எதன்மீது சதவீதம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விலைமீது கொடுத்தால் விற்பனையாளர் பெரிய டிவியின் பக்கம் நம்மை நடத்திக்கொண்டு போவார். தள்ளுபடி கேட்டால் தாராளமாக மேனேஜரிடம் பேசுவார், ஏனென்றால் விலையில் ஆயிரம் குறைந்தாலும் அவருடைய பங்கில் சில ரூபாய்தான் குறையும். லாபத்தின்மீது கொடுத்தால் அதே ஆள் தள்ளுபடிக்கு எதிரியாகிவிடுவார். டிவியை விட்டுவிட்டு எச்டிஎம்ஐ கேபிளைப் பற்றியும் மொபைல் கவரைப் பற்றியும் உற்சாகமாகப் பேசத் தொடங்குவார். டிவி, செல்போன் போன்றவற்றில் கடைக்கு நிற்கும் லாப விகிதம் மெல்லியது. கேபிளிலும் கவரிலும் அது தடிமன். செல்போன் வாங்கப் போனால் போனைவிட டெம்பர்டு கிளாஸுக்கு அதிக நேரம் செலவாவதன் காரணம் இதுதான்.

இன்றைய ஷோரூம்களில் நேர்ச் சதவீதத்தைவிட ஸ்லாப் முறைதான் அதிகம். இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. எந்தக் கடையின் கணக்கும் அல்ல, விளக்கத்துக்காக நான் போட்டது. ஒருவருக்கு மாத டார்கெட் 20 லட்சம் ரூபாய். அதில் 80 சதவீதம் எட்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. 80ஐத் தாண்டினால் மொத்த விற்பனையில் 0.3 சதவீதம். முழு டார்கெட்டையும் எட்டினால் 0.6 சதவீதம். மாதக் கடைசி நாள் மாலையில் அவர் 19 லட்சத்து 90 ஆயிரத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். அப்படியே மாதம் முடிந்தால் அவருக்கு 5,970 ரூபாய். இன்னும் ஒரு பத்தாயிரம் ரூபாய்க்கு எதையாவது விற்றுவிட்டால் 12,000 ரூபாய். அந்தக் கடைசி விற்பனையின் மதிப்பு அவருக்கு 6,030 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் மைக்ரோவேவ் அடுப்பைத் தன் கைக்காசில் நான்காயிரம் தள்ளிக் கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான். மச்சான் பெயரில் பில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாலும் பெரிய நஷ்டமில்லை. அதே ஆள் 12 லட்சத்தில் நின்றிருந்தால் அன்று மாலை வருகிறவரிடம் அவ்வளவு முனைப்பாகப் பேச மாட்டார். இந்த மாதம் எப்படியும் போயிற்று; வாடிக்கையாளரை "ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார், புது ஆஃபர் வருது" என்று ஒன்றாம் தேதிக்குத் தள்ளுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம்.

பொருளியலாளர் பால் ஓயர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொழில்துறை அளவில் காட்டியது. அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் விற்பனை அவற்றின் கணக்காண்டு முடியும்போது ஏறுகிறது, புது ஆண்டு தொடங்கும்போது இறங்குகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்காண்டு மாறினால் இந்த ஏற்ற இறக்கமும் கூடவே மாறுகிறது. சந்தையில் தேவை கூடிக் குறைவது மட்டும் காரணமாக இருந்தால் இப்படி நடக்க வேண்டியதில்லை. மாத டார்கெட்டை நாள் டார்கெட்டாக உடைத்தால் சரியாகிவிடுமா? சுவீடனின் சில்லறைக் கடைத் தொடர் ஒன்றில் டக் சுங், தாஸ் நாராயண்தாஸ் முதலியோர் அதைச் செய்து பார்த்தார்கள். பின்தங்கியிருந்தவர்களின் விற்பனை உயர்ந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தவர்களோ நிதானமாகப் பேசி விற்க வேண்டிய விலை கூடிய பொருளை விட்டு, சட்டென்று கைமாறும் மலிவான பொருள்களின் பக்கம் சாய்ந்தார்கள்.

செல்போனில் இந்தக் கோளாறு வேறு வடிவம் எடுக்கும். பெட்டி கடையை விட்டுப் போனால் போதாது, வாங்கியவர் சிம் போட்டு ஆக்டிவேட் செய்தால்தான் விற்பனை கணக்கில் ஏறும் என்று கம்பெனிகள் வைத்தன. போலி பில் காட்டி இன்சென்டிவ் வாங்குவதைத் தடுக்கத்தான். விளைவு, மாதக் கடைசியில் விற்காத போனைப் பிரித்து ஆக்டிவேட் செய்துவிட்டு, அடுத்த மாதம் வருகிறவரிடம் கொடுப்பதும் நடக்கிறது. வாங்கியவருக்கு ஒரு வருட வாரண்டியில் சில வாரம் ஏற்கெனவே கரைந்திருக்கும். புதுப் போனின் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கம்பெனியின் இணையதளத்தில் பார்ப்பது நல்ல பழக்கம்.

இவ்வளவு வம்பு எதற்கு, கமிஷனையே ஒழித்துவிடலாமே என்று தோன்றும். ஒழித்துப் பார்த்திருக்கிறார்கள். மின்னணுச் சில்லறை வியாபாரத்தில் இதைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியது அமெரிக்காவின் பெஸ்ட் பை. ரிச்சர்ட் ஷுல்ஸ் 1966இல் மினசோட்டாவில் சவுண்ட் ஆஃப் மியூசிக் என்ற பெயரில் தொடங்கிய கடை அது. 1989இல் கிடங்கு போன்ற புதுக் கடை அமைப்புக்கு மாறியபோது விற்பனையாளர்களின் கமிஷனை எடுத்துவிட்டு மணிக்கணக்கான சம்பளம் கொடுத்தது. சரக்கையெல்லாம் வாடிக்கையாளர் கையெட்டும் தூரத்தில் அடுக்கியது. சில உற்பத்தியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. விலை கூடிய மாடல்களை எடுத்துச்சொல்லி விற்க ஆளில்லாத கடையில் தங்கள் சரக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை. வாடிக்கையாளர்களுக்கு மிகவும் பிடித்தது. 1990களின் நடுவில் பெஸ்ட் பை, அதுவரை முன்னணியில் இருந்த சர்க்யூட் சிட்டியை விற்பனையில் முந்தியது.

சர்க்யூட் சிட்டியின் கதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது. சாமுவேல் வர்ட்ஸல் 1949இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தொடங்கிய கடை. கமிஷனில் வாழும் தேர்ந்த விற்பனையாளர்களே அதன் பலம். ஜிம் காலின்ஸ் 2001இல் எழுதிய புகழ்பெற்ற நிர்வாக நூலில் 11 மகத்தான நிறுவனங்களுள் ஒன்றாக இதுவும் இடம்பெற்றது. இரண்டே ஆண்டில், 2003 பிப்ரவரியில், கமிஷன் முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. கமிஷனில் இருந்த சுமார் 3,900 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்டுக்கு 13 கோடி டாலர் மிச்சமாகும் என்று நிறுவனம் எதிர்பார்த்தது.

2007 மார்ச்சில் அடுத்த வெட்டு. இம்முறை 3,400 பேர். சந்தை நிலவரத்தைவிட இவர்களின் மணிச் சம்பளம் அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். வேண்டுமானால் பத்து வாரம் கழித்துக் குறைந்த சம்பளத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்கடுத்த காலாண்டை நஷ்டத்தில் முடித்தது நிறுவனம். 2008 நவம்பரில் திவால் மனு. 2009 ஜனவரியில் மீதமிருந்த 567 கடைகளையும் மூட முடிவு. ஏறத்தாழ 34,000 பேருக்கு வேலை போனது.

கமிஷனை எடுத்ததால்தான் சர்க்யூட் சிட்டி செத்தது என்று சொல்லத் தோன்றும். விற்பனைப் பயிற்சியாளர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. 2000இலேயே குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திர வியாபாரத்தை அது கைவிட்டிருந்தது. கடைகள் பலவும் பழைய இடங்களில் மாட்டிக்கொண்டிருந்தன. கமிஷனைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த எச்.எச்.கிரெக் என்ற இன்னொரு தொடரும் 2017இல் திவாலாகி மூடிவிட்டது. கமிஷனை எடுத்த பெஸ்ட் பையோ இன்றும் இருக்கிறது. 2001இல் முதல் கடையைத் திறந்த ஆப்பிளும் தன் கடை ஊழியர்களுக்கு விற்பனைக் கமிஷன் வைக்கவில்லை. பெஸ்ட் பை 1989இல் செய்தது கடையின் அமைப்பையே மாற்றும் முடிவு. சரக்கு அடுக்குவதிலிருந்து சம்பளம் வரை ஒன்றுக்கொன்று பொருந்தியது. சர்க்யூட் சிட்டி 2003இல் செய்தது செலவுக் குறைப்பு. நன்றாக விற்றவருக்குத்தான் அதிகக் கமிஷன். ஆகவே கமிஷன் செலவைக் குறைக்கப் புறப்பட்ட கத்தி நன்றாக விற்றவர் கழுத்தில்தான் முதலில் விழும்.

கமிஷன் இல்லாத கடைகளிலும் ஒரு பொருளை நம் தலையில் கட்டும் வேகம் குறைந்துவிடவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீட்டிக்கப்பட்ட வாரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிசினஸ் வீக் இதழ் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய ஆண்டில் சர்க்யூட் சிட்டியின் செயல்பாட்டு லாபம் முழுவதும், பெஸ்ட் பையின் லாபத்தில் ஏறக்குறைய பாதியும் இந்த வாரண்டி விற்பனையிலிருந்து வந்தது. இரண்டு கடையிலும் அப்போது தனியாளுக்குக் கமிஷன் கிடையாது. ஆனால் நூறு பொருள் விற்றால் எத்தனை வாரண்டி கூடப் போனது என்ற கணக்கு ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இருக்கும். அது குறைந்தால் அடுத்த வாரம் வேலை நேரம் குறையலாம், மேனேஜர் கூப்பிட்டுப் பேசலாம். பணமாக வந்த அழுத்தம் கண்டிப்பின் வடிவில் வரும். கடைக்கு லாபம் எந்தப் பொருளில் இருக்கிறதோ அங்கே விற்பனையாளரைத் தள்ளுவதற்குக் கமிஷன் ஒரு கருவி மட்டுமே.

அப்படியானால் வெளிப்படையாகச் சொல்ல வைக்கலாம். பிரிட்டனில் போட்டி ஆணையம் 2003இல் மின்சாதன வாரண்டிச் சந்தையை ஆராய்ந்து, கடைகள் நியாயமற்ற லாபம் பார்க்கின்றன என்றது. 2005 முதல் வந்த ஆணைப்படி வாரண்டியின் விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். கடையில் சொன்ன விலையில் 30 நாள் வரை வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். வாங்கி 45 நாளுக்குள் ரத்து செய்தால், இழப்பீடு எதுவும் கோராதிருந்தால், முழுப் பணமும் திரும்ப வேண்டும். பில் போடும் இடத்தில் அரை நிமிடத்தில் நடக்கும் பேரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க வைத்த ஏற்பாடு இது. நம் ஊர்க் கடைகளில் வாரண்டி நீட்டிப்பின் விலை பெரும்பாலும் பில்லிங் கவுண்டரில்தான் முதன்முதலாகக் காதில் விழுகிறது.

வெளிப்படுத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் மூவரும் இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் வாடிக்கையாளர்போல ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார்கள். கமிஷன் அதிகமுள்ள, கேட்டவருக்குப் பொருந்தாத பாலிசிகளையே முகவர்கள் மிகுதியாகப் பரிந்துரைத்தார்கள். 2010இல் ஒரு வகைப் பாலிசிக்கு மட்டும் கமிஷனைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி வந்தபோது, அந்தப் பாலிசியைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, சொல்லத் தேவையில்லாத வேறொன்றின் பக்கம் போனார்கள். டிவி கடையிலும் வாரண்டிக்கு மட்டும் விதி போட்டால் தவணைக்கடன் மேசையின் பக்கம் சாய்வார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

தவணை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வி.ஜி.பி. நிறுவனம் அதை வீடுதோறும் கொண்டுபோனது. அங்கே விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார் 1978இல் தனியே தொடங்கியதுதான் வசந்த் அன் கோ. அந்தக் காலத் தவணையில் கடன் கொடுத்தவரும் பொருள் விற்றவரும் ஒருவரே. பணம் வராவிட்டால் நஷ்டமும் அவருடையதே. கட்ட முடியாதவருக்கு விற்காமல் இருப்பதில் விற்பனையாளருக்கும் அக்கறை இருந்தாக வேண்டும். இன்று கடனுக்குத் தனி நிறுவனம், வட்டியின் ஒரு பகுதியை ஏற்க உற்பத்தியாளர். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இருக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்ன பிறகு, வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டும் ஏற்பாடு வந்தது. மாதக் கடைசியில் நிற்கும் விற்பனையாளருக்கு வாங்குபவர் தவணையை எப்படிக் கட்டுவார் என்பது இப்போது வேறு யாருடைய கவலையோ.

வாங்குபவரின் பக்கமே நின்று இதுவரை பேசினேன். விற்பவரின் பக்கம் கமிஷன் என்பது முதலில் ஓர் அபாயப் பங்கீடு. வியாபாரம் படுத்தால் அதில் ஒரு பகுதியை விற்பனையாளர் தன் வீட்டுச் செலவிலிருந்து ஏற்கிறார். 2025 நல்ல உதாரணம். கோடையில் பருவம் தப்பிய மழையால் ஏசி விற்பனை சரிந்தது. ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்தார். ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது செப்டம்பர் 22 அன்றுதான். இடையில் ஐந்து வாரம். வரி குறையும் என்று தெரிந்தபின் பெரிய டிவியை யார் அவசரப்பட்டு வாங்குவார்கள்? வெயிலும் வரியும் டார்கெட் போடுகிறவர் கையிலும் இல்லை, டார்கெட் வாங்குகிறவர் கையிலும் இல்லை. ஸ்லாபுக்குக் கீழே விழுகிறவர் மட்டும் ஒருவரே.

அமெரிக்காவில் இந்த அபாயத்துக்குச் சட்டம் ஓர் அடித்தளம் போட்டிருக்கிறது. எச்.எச்.கிரெக் விற்பனையாளர்களுக்குக் கமிஷன் மட்டுமே வருமானமாக இருந்தது. ஒரு வாரம் கமிஷன் குறைந்தபட்ச ஊதியத்தை எட்டாவிட்டால் நிறுவனம் மீதியைப் போட்டுக் கொடுக்கும். பின்னால் நல்ல வாரத்துக் கமிஷனில் கழித்துக்கொள்ளும். வேலையை விட்டுப் போனால் மிச்சக் கடனை உடனே கட்ட வேண்டும் என்றும் அதன் ஊழியர் கையேடு சொன்னது. இதை எதிர்த்த வழக்கில் 6ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. முன்பணம் கொடுத்துப் பின்னால் கமிஷனில் கழிப்பது சரி. வேலையை விட்டவரிடம் திருப்பிக் கேட்பது சட்டவிரோதம், கொடுத்த குறைந்தபட்ச ஊதியம் நிபந்தனையின்றித் தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்றது.

நின்றுகொண்டே இருப்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. நல்ல சட்டம். ஆனால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வருகிற வாடிக்கையாளர் பக்கத்து டி-ஷர்ட்டிடம் போய்விடுவார் என்றால் நாற்காலி காலியாகத்தான் கிடக்கும்.

இந்தியச் சட்டத்தில் கமிஷன் சம்பளமா என்ற கேள்விக்கு இடத்துக்கு ஒரு பதில். கெஸ்டெட்னர் என்ற படியெடுப்பு இயந்திர நிறுவனத்தின் வழக்கில், வேலை ஒப்பந்தப்படி விற்பனையில் நிலையான சதவீதமாகத் தரும் கமிஷனும் சம்பளமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது வருமான வரிச் சட்டத்தின் கணக்குக்காகச் சொன்னது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டமும் ஊதியத்தை வரையறுக்கும்போது கமிஷனைப் பெயர் சொல்லி விலக்கியவை. அதனால் வருமானத்தில் பாதியைக் கமிஷனாக வாங்குகிற ஒருவருக்குப் பிஎஃப்பும் பணிக்கொடையும் மீதிப் பாதியின்மீதுதான். சம்பளத்தைக் குறைத்து இன்சென்டிவை ஏற்றும் ஏற்பாடு முதலாளிகளுக்கு இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் கமிஷன் ஊதியத்துக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு வரம்பு சேர்ந்திருக்கிறது. கமிஷன், வீட்டு வாடகைப்படி போன்ற விலக்குகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகக் கொள்ளப்படும். ஒரு புரமோட்டருக்கு அடிப்படைச் சம்பளம் 12,000, வாடகைப்படி 3,000 என்று வைப்போம். தீபாவளி மாதத்தில் அவர் 15,000 கமிஷன் வாங்கினால் மொத்தம் 30,000, விலக்குகள் 18,000. பாதியைத் தாண்டிய 3,000 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்து அது 15,000 ஆகும். அடுத்த மாதம் ஷோரூம் காலியாகிக் கமிஷன் 2,000 ரூபாயாகச் சுருங்கினால் விலக்குகள் 5,000தான்; பாதியைத் தொடாது, ஊதியம் மீண்டும் 12,000. மாதாமாதம் இந்தக் கணக்கைப் போட வேண்டியவர் அவரை வேலை வாங்கும் ஃப்ளோர் மேனேஜரும் அல்ல, டார்கெட் அனுப்பும் கம்பெனியும் அல்ல. வேறு ஏதோ ஊரில் இருக்கும் ஏஜென்சியின் சம்பளப் பிரிவு.